எல்லைக்கோடு

சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் பட்டம் பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, குணசீலன் தன் பேராசிரியர் தமயந்தியைத் தேடிக் கல்லூரிக்கு வந்தான். மூன்று இடங்களிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருந்தது: ஒரு விமானத் தொழிற்சாலை, ஒரு மருத்துவக் கருவி நிறுவனம், ஒரு மின்விநியோக நிறுவனம். எதில் சேரலாம் என்று கேட்டான்.

"பார்த்த வேலைக்கு என்ன கேடு?" என்றார் தமயந்தி.

மெட்ரோ ரயிலுக்குக் கதவு செய்யும் நிறுவனத்தை விட்டுவிட்டதாகச் சொன்னான். காரணத்தைச் சொல்லாமல் மறுபடி அந்த மூன்று அழைப்புகளைப் பற்றியே பேசினான். அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் அவன் பக்கம் நகர்த்தினார்.

"முதல் வகுப்புப் பாடம். எது வரைக்கும் நம்ம பொறுப்புன்னு எல்லைக்கோடு போடு. நூத்துக்கு நூறு வாங்கினவன், மறந்திருக்க மாட்டே."

குணசீலன் ரயில் கதவை வரைந்து அதைச் சுற்றி ஒரு கோடு போட்டான். அது அவனுடைய நிறுவனத்தின் பொறுப்பு. எதிரே, நடைமேடை விளிம்பில் ரயில் வந்து நின்றதும் திறக்கும் தடுப்புக் கதவை வரைந்து இன்னொரு கோடு போட்டான். அது வேறொரு நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு கதவுகளும் எல்லாச் சோதனைகளிலும் தேறியவை. தாளில் அவற்றுக்கு நடுவே விரல் அகல வெள்ளை இருந்தது.

அவர் அந்த வெள்ளையில் விரலை வைத்தார். "இங்கே ஆள் நின்னா?"

அதை அப்போதே கவனித்ததாகச் சொன்னான். இரு கதவுகளும் மூடிக்கொண்டால் நடுவில் ஆள் சிக்கக்கூடும் என்று பாதுகாப்பு அறிக்கையிலும் எழுதியிருந்தான். யார் பொறுப்பு என்ற கட்டத்தில், 'எமது எல்லைக்கு வெளியே' என்று நிரப்பினான். அறிக்கை பாராட்டப்பட்டது. அடுத்த மாதமே பதவி உயர்வு வந்தது.

"சிக்கினது யாரு?"

"பூக்கட்டுற அம்மா, மேடம். செங்கமலம்னு பேரு. நடுவுல மாட்டின கூடையை இழுக்கப் போயிருக்காங்க, ரெண்டு கதவும் மூடி வண்டி கிளம்பிடுச்சு. உயிர் இருக்கு. வலது கை இல்லை."

விசாரணையில் அவன்மீது குற்றமில்லை என்று முடிவானது. கோடு சரியாகத்தான் இருந்தது.

குணசீலன் மெல்லக் கேட்டான்.

"இந்த மூணுல எங்கே போனா அப்படி எழுத வேண்டியிருக்காது, மேடம்?"

"எங்கே போனாலும் அந்தக் கட்டம் இருக்கும்."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அழிப்பானை எடுத்துத் தாளின்மேல் வைத்தார்.

"கோட்டை எப்போ அழிக்கணும்னு கடைசி வகுப்புல சொல்றதா இருந்தேன். அன்னிக்குக் கேம்பஸ் இன்டர்வியூ வந்தது. உங்களுக்கெல்லாம் நல்ல வேலை கிடைக்கட்டும்னு நான்தான் வகுப்பை ரத்து பண்ணினேன்."