மேல்மலையின் குரலும் ஏறாத டிரைவரும்

ஆற்றங்கரைக் காட்டுக் குகை ஒன்றில் ஒரு கணினி இருந்தது. சடையன் என்ற கரடி அதைக் கவனித்துக்கொண்டது.

மேல்மலையில் பெருமழை பெய்தால், அங்கே இருக்கும் யானைத் தலைவி தன் கணினி வழியாகக் கூப்பிட்டுச் சொல்லும். எத்தனையோ மலைகளைத் தாண்டி அந்தக் குரல் குகைக்குள் கேட்கும்போது மான்கள் மேய்ச்சலை மறந்து நிற்கும். "இவ்வளவு தூரம் எப்படித்தான் வருகிறதோ!" என்று முயல்கள் வாயைப் பிளக்கும்.

ஒருநாள் துள்ளன் என்ற குரங்கு வந்தது. "கணினியை ஓட்டுற மென்பொருளை மாத்திப் புது இயங்குதளம் போடலாம், சடையா! கணினி பறக்கும்!" என்றது. கரடியும் தலையாட்டியது. குரங்கு போட்டுவிட்டது.

மறுநாள் காலை கணினி பறக்கத்தான் செய்தது. ஆனால் மேல்மலையோடு இணைப்பு இல்லை. குகைக்கு வெளியே வெயில் அடித்தது. தொலைவில் மலைகளின் மேல் மட்டும் மேகம் கறுத்துக் கிடந்தது.

கரடி கேபிளைப் பிடுங்கிச் செருகியது. பலனில்லை. மறுபடியும் பிடுங்கிச் செருகியது. கணினியை மேல்மலையோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டின் விளக்கு எரியவே இல்லை.

"கார்டு செத்துப்போச்சு! பிடுங்கி ஆற்றில் வீசு!" என்று குதித்தது குரங்கு.

அப்போது கயல் என்ற நீர்நாய் ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவந்தது. கரையோரப் பொந்தில் அது குட்டி போட்டிருந்தது.

"அண்ணே, மேலே மழையா? குட்டிகளைப் பாறைக்குத் தூக்கிட்டுப் போகணுமா?"

"தெரியலையே, தாயி!" என்றது கரடி.

"சும்மா தூக்கிட்டுப் போனா பருந்து கொத்திடும். தூக்காம விட்டு வெள்ளம் வந்தா..." கயல் பொந்து இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது.

குரங்கு கார்டைப் பிடித்து இழுக்கப் போனது.

"நில்லு!" என்று கத்தியது கயல். "அது செத்துப்போச்சுன்னு உனக்கு யார் சொன்னா? என்ன கோளாறுன்னு கணினியைக் கேட்டியா?"

கரடிக்கு வெட்கமாகப் போயிற்று. கணினி கிளம்பும்போது எழுதி வைத்த செய்திகளைத் திறந்து, மூக்கு திரையில் இடிக்கப் படித்தது.

"கார்டு இருக்கிறது. டிரைவர் ஏறவில்லை. பதிப்பு பொருந்தவில்லை."

"டிரைவர்னா என்ன?" என்று கேட்டது கயல்.

"கார்டை எப்படி வேலை வாங்கணும்னு கணினிக்குச் சொல்லிக்கொடுக்கிற மென்பொருள். நம்மகிட்ட இருக்கிறது பழைய இயங்குதளத்துக்காகச் செஞ்சது. புதுசு அதைச் சேர்த்துக்கலை. கார்டு நல்லாத்தான் இருக்கு!"

குரங்கு சட்டென்று கையை எடுத்தது. "அப்போ புது டிரைவரை இறக்கிடலாம்!"

"எது வழியா இறக்குவே? இணைப்பே இல்லையே!" என்றது கரடி.

மலைப்பக்கம் இடி உருண்டது. கரடி திடீரென்று திரும்பியது. "துள்ளா! பழைய இயங்குதளத்தை அழிச்சிட்டியா?"

"இல்லை..." என்று தலையைச் சொறிந்தது குரங்கு. "சோம்பலா இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்."

"நல்ல சோம்பல்!" என்று கரடி கணினியை அணைத்து மீண்டும் போட்டது. முதல் திரையிலேயே பழைய இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தது.

கார்டில் பச்சை விளக்கு மினுக்கியது. முதலில் மழை பெய்யும் ஓசை வந்தது. அந்த மலையின் மழை, இந்த வெயிலில்! மூன்றும் சிலிர்த்துப் போயின. அடுத்து யானையின் குரல் அதிர்ந்தது.

"யாராவது இருக்கீங்களா? காலையிலிருந்து கூப்பிடுறேன்! ஆறு பொங்கிடுச்சு! கரையை விட்டு ஏறுங்க!"

கயல் பாய்ந்து ஓடியது. குரங்கும் பின்னாலேயே ஓடிக் குட்டிகளை மார்போடு அணைத்துத் தூக்கியது. கரடி பாறை உச்சியில் நின்று, கைகளை விரித்து உறுமிப் பருந்துகளை விரட்டியது. மான்களும் முயல்களும் மேட்டுக்கு ஏறின.

ஆறு வந்தது. ஒரு துளி மழை பெய்யாத காட்டுக்குள், முழு மரங்களைப் புரட்டிக்கொண்டு செந்நீர் வந்தது. கயலின் பொந்து இருந்த கரையே காணாமல் போயிற்று. குட்டிகள் மட்டும் ஒன்றும் அறியாமல் பால் குடித்துக்கொண்டிருந்தன.

"இதையா நான் பிடுங்கி எறியப் பார்த்தேன்!" என்று முணுமுணுத்தது குரங்கு.

வெள்ளம் வடிந்ததும், பழைய இயங்குதளத்தில் இருந்தபடியே புது டிரைவரை இறக்கி, அது புதியதில் ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் குரங்கு குகையை விட்டு நகர்ந்தது.

ஒன்று வேலை செய்யாவிட்டால், கோளாறு எங்கே என்று நிதானமாக அறியாமல் அதைத் தூக்கி எறியக் கூடாது.