கூடக் குடிக்க ஓர் ஆள்

வேதகிரி அடிகள் இளம் வயதில் மொம்பாசாவில் கடைச் சிப்பந்தியாக இருந்தவர். சுவாஹிலி மொழி நாக்கிலேயே தங்கிவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் வயதான காலத்தில் சீடன் சிவநேயனை அழைத்துக்கொண்டு கென்யாவில் மாடு மேய்த்து வாழும் மசாய் மக்களின் மேய்ச்சல் வெளிக்குப் போனார். நசேரியான் என்ற பெண்மணி அன்றிரவு தங்க இடம் தந்தாள். மண்ணும் சாணமும் பூசி அவளே கட்டிய வீடு. குனிந்துதான் நுழைய வேண்டும்.

சிவநேயனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் ஒரு வருஷ விரதம் இருந்துவந்தான். மறுநாள் சூரியன் உதித்தால் விரதம் முடிகிறது. முடித்த கையோடு தீட்சை தருவதாக அடிகள் வாக்குக் கொடுத்திருந்தார். நடுவில் இந்த ஓர் இரவுதான்.

இருட்டிய பிறகு நசேரியானின் மகன் லெமயான் மாடுகளோடு வந்து சேர்ந்தான். சிவநேயன் வயதுதான் இருக்கும். சிவப்புப் போர்வை, கையில் ஈட்டி, ஒட்டிய வயிறு. ஊரெல்லாம் வறட்சி. மாடுகளுக்குத் தண்ணீர் தேடிப் பகல் முழுக்க நடந்திருக்கிறான்.

நசேரியான் சுரைக்குடுவை நிறையப் பால் கொண்டுவந்தாள். மகனிடம் கொடுக்கவில்லை. முதலில் சிவநேயனிடம் நீட்டினாள்.

அவன் கைகூப்பி மறுத்தான்.

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. லெமயானும் அவன் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"அவருக்கே கொடுக்கச் சொல்லுங்க சாமி. நான்தான் ராத்திரியில எதுவும் தொடமாட்டேனே."

அடிகள் அவளிடம் விசாரித்துவிட்டுச் சொன்னார். "இந்த வயசுப் பிள்ளைங்க தனியாப் பால் குடிக்க மாட்டாங்களாம். ஒத்த வயசுக்காரன் ஒருத்தன் கூடக் குடிக்கணும். இவன் கூட்டாளிங்க தூர மேய்ச்சலுக்குப் போயிட்டாங்க. உன்னைப் பார்த்ததும்தான் அந்தம்மாவுக்கு உயிரே வந்துச்சாம்."

"நீங்க கூடக் குடிக்கலாமே?"

"எனக்கு எழுபது வயசு."

"காலையில சேர்ந்து குடிக்கிறேன்னு சொல்லுங்க."

"வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே மாட்டை ஓட்டிட்டுப் போயிடுவானாம்."

சிவநேயனுக்கு இருதலைக்கொள்ளி எறும்பின் பாடு. "நான் என்ன செய்யட்டும் சாமி?"

"விரதம் எடுக்கும்போது என்னைக் கேட்டா எடுத்தே?"

அந்தப் பையனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வாய் குடித்தால் ஒரு வருஷம் வீண். ஒரு வேளை பட்டினியில் யாருக்கும் உயிர் போய்விடாது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மறுபடியும் கைகூப்பினான்.

லெமயான் கோபப்படவில்லை. குடுவையை வாங்கி மூடி வைத்தான். சிவநேயனைப் பார்த்துச் சிரித்து, ஏதோ சொல்லிவிட்டு, மாட்டுத் தோலை விரித்துப் படுத்துக்கொண்டான்.

"என்ன சொன்னார் சாமி?"

"உனக்கு வயிறு சரியில்லைன்னு நினைச்சுட்டான். நல்லாத் தூங்கு, சரியாயிடும்னு சொல்றான்."

சிவநேயன் கண் விழித்தபோது லெமயானின் படுக்கை காலியாக இருந்தது. வெளியே சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அடிகளின் காலில் விழுந்தான்.

"ஒரு குறையும் இல்லாம முடிச்சுட்டேன் சாமி. தீட்சை கொடுங்க."

"கொடுக்கணும்தான்" என்றார் அடிகள். "ஆனா ராத்திரி விரதம் இருந்தது ரெண்டு பேராச்சே. சாயங்காலம் அவனும் வரட்டும்."