பட்டுப் பிரிவில் பன்னிரண்டு ஸ்டூல்

திருநெல்வேலியில் ஒரு துணிக்கடை. முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று சட்டம் வந்ததும், பட்டுப் பிரிவுக்குப் பன்னிரண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டார். கையோடு விளக்கமும் சொன்னார்: "ஸ்டூல் போடணும்னுதான சட்டம்? உக்காரணும்னு இல்லைல்லா?" ஸ்டூல்களில் ஜாக்கெட் துணிப் பெட்டிகள் ஏறி அமர்ந்தன. பெண்கள் பன்னிரண்டு பேரும் நாள் முழுக்க நின்றார்கள்.

அவர்களில் பரிபூரணம் ஏழு வருஷம் நின்றவள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஒரு மதியம், பட்டுப் பிரிவில் ஈ காக்கை இல்லாத நேரம், ஒரு பெட்டியை இறக்கிவிட்டு உட்கார்ந்து வீங்கிய காலை நீவினாள். இரண்டே நிமிடம். கேமராவில் பார்த்த அண்ணாச்சி கடை மைக்கைப் பிடித்தார்.

"பட்டுப் பிரிவு மகாராணி பரிபூரணத்துக்கு யாராவது வெண்சாமரம் வீசுங்கம்மா!"

நாலு மாடியும் சிரித்தது. "இருக்கட்டும் அண்ணாச்சி" என்று முணுமுணுத்தபடி அவள் எழுந்தாள். அந்த 'இருக்கட்டும்' மூன்று மாதம் அவளுக்குள் கனன்றது.

ஒருநாள் தொழிலாளர் துறை ஆய்வாளர் வருகிறார் என்று சேதி வந்தது. பெட்டிகள் பறந்தன. அண்ணாச்சி மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"ஏ பிள்ளைகளா, எல்லாரும் உக்காருங்க. அந்தாளு வாசலத் தாண்டிப் போறது வரைக்கும் ஒருத்தி எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சா சீட்டு கிழிஞ்சிரும்!"

"யாரு வந்தாலுமா அண்ணாச்சி?" பரிபூரணம் பணிவாகக் கேட்டாள்.

"எமனே வந்தாலும்!"

ஆய்வாளர் வந்தார். எமன் வரவில்லை, முகூர்த்தப் பட்டு எடுக்கக் கல்யாணப் பெண்ணின் தாய் வந்தாள், பதினேழு உறவுக்காரர்களோடு. மற்ற பெண்கள் நெளிந்தார்கள். "உத்தரவுட்டி, உத்தரவு" என்று பல்லிடுக்கில் சொல்லி அமர்த்தினாள் பரிபூரணம்.

"இதென்ன, கடையா கொலுவா?" என்றாள் அந்த அம்மாள்.

ஆய்வாளர் பக்கத்தில் நின்ற அண்ணாச்சியின் வாய் சிரித்தது. புருவம் மட்டும் 'எந்திரி, எந்திரி' என்று துள்ளியது. பரிபூரணத்துக்கு அது நன்றாகவே புரிந்தது.

"கண்ணுல தூசியா அண்ணாச்சி?" என்று கனிவாக விசாரித்தாள். ஆய்வாளர் தம் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். கல்யாணக் கூட்டம் எதிர்க்கடைக்குப் போயிற்று.

ஆய்வாளர் தலை மறைந்ததும் அண்ணாச்சி வெடித்தார். "வேணும்னே என் யாவாரத்தக் கெடுத்துட்ட. நாளையிலேர்ந்து வராத!"

"நீங்க சொன்னதத்தான செஞ்சேன்? வேலைய விட்டு எடுக்கதுன்னா காரணத்த எழுதித் தாங்க."

அவள் பழிவாங்கியது உண்மை. சொன்ன உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததும் உண்மை. அப்படியானால் ஏழு வருஷ வேலை போக வேண்டியதுதானா? நியாயம் யார் பக்கம்? சொல்லுங்கள் பார்ப்போம்.

விடை: சட்டம் இருக்கை கேட்பது வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரத்தான், வந்தவர்களை நிற்க வைத்து வேடிக்கை பார்க்க அல்ல. அந்த மட்டில் பரிபூரணம் செய்தது சரியில்லை. ஆனால் வாயால் போட்ட உத்தரவைப் புருவத்தால் ரத்து செய்ய முடியாது. தவிர, ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவரைக் குற்றம் சாட்டி நீக்குவதென்றால், குற்றத்தை எழுதிக் கொடுத்து, பதில் கேட்டு, விசாரிக்க வேண்டும். அண்ணாச்சி என்னவென்று எழுதுவார்? 'ஆய்வாளர் போகும்வரை மட்டும் உட்காரச் சொல்லியிருந்தேன்' என்றா? மறுநாள் அவருடைய ஐந்தாவது தாளும் குப்பைக்குப் போனபோது பரிபூரணம் வேலைக்கு வந்துவிட்டாள். பட்டுப் பிரிவில் அப்போது வாங்க யாரும் இல்லை. உட்கார்ந்தாள்.