வண்டிக் கூரையில் பூசிய பசை

மெய்யம்மை அம்மாவுக்கு மடம் கிடையாது. ஒரு பழைய வேன்தான். படுக்கை, அடுப்பு, நாலைந்து புத்தகம் எல்லாம் அதற்குள்ளேயே. ஊர் ஊராகப் போவார், கூப்பிட்ட வீட்டில் உட்கார்ந்து பேசுவார். வண்டியின் கூரைமேல் ஓர் ஏசி இருந்தது. கரூர்க்காரர் ஒருவர் வாங்கிப் பொருத்திக் கொடுத்தது. துறவிக்கு ஏசி எதற்கு என்று கேட்பவர்கள், சித்திரை மாதம் பரமக்குடிப் பக்கம் ஒரு தகர வண்டிக்குள் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்து கேட்கலாம்.

வண்டியை ஓட்டியவர் அவருடைய சீடர் இருளாண்டி. குருவுக்கு வயது நாற்பத்து நாலு, சீடருக்கு அறுபத்தொன்று. பஸ் டிப்போவில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். எட்டு மாதத்துக்கு முன் அவருடைய ஒரே மகன் நாகராசு பைக்கில் போய் லாரியில் அடிபட்டு இறந்தான். காரியம் முடிந்த மறுநாளே இருளாண்டி மனைவியை வீட்டில் தனியே விட்டுவிட்டு அம்மாவிடம் வந்து சேர்ந்துவிட்டார். மகனுக்காக இதுவரை அவர் அழவே இல்லை. தனக்கு ஞானம் கைகூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அன்றைக்கு மத்தியானம் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நேராக அம்மாவின் படுக்கைமேல்.

"நாலு நாளா இதே பாடு, தாயி" என்றார் இருளாண்டி. "மூணு தடவை சுத்திவரப் பசை போட்டு அடைச்சிட்டேன். அடைக்க அடைக்கக் கூடத்தான் செய்யுது."

"எதை அடைச்சீங்க?"

"மழைத்தண்ணி இறங்குற வழியை. முப்பது வருஷம் பஸ் கூரை பார்த்த கை தாயி இது. கூரை ஒழுகுச்சுன்னா ஓட்டை. ஓட்டைன்னா அடைக்கணும்."

அவர் பார்த்த பஸ்கள் எதிலும் ஏசி கிடையாது. ஆனைக்கும் அடி சறுக்கும்.

அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

"மழை பெஞ்சு எத்தனை நாளாச்சு, அண்ணே?"

அந்த நேரம் இருளாண்டியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுச் சத்தத்தை நிறுத்தினார்.

"மதினிதானே? பேசலையா?"

"பேசினா அழுவா, தாயி. தினமும் இதே நேரத்துக்குக் கூப்பிடுறா. நேத்து அவ தம்பி பேசினான். 'அக்கா உங்களுக்கும் சேர்த்து அழுகுது மச்சான்'ங்கிறான். அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?" போனை மடியில் செருகிக்கொண்டே சொன்னார்: "உங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான். எது வந்தாலும் உள்ள இறங்காத மனசு இது. கடைசிவரைக்கும் இப்படியே நிக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

அம்மா எழுந்து போய் ஏசியை நிறுத்தினார். வண்டிக்குள் வெக்கை ஏறியது. இருவரும் படுக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சொட்டு குறைந்து, பிறகு நின்றுபோனது. அம்மா மறுபடி ஏசியைப் போட்டார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

"இது மழைத்தண்ணி இல்ல, தாயி" என்றார் இருளாண்டி. குரல் இறங்கியிருந்தது. "மிஷின் தண்ணி."

"அதுக்கு எங்கேருந்து வருது?"

"குளுந்த குழாய்ல காத்துப் பட்டா வேர்க்கும். ஐஸ் தண்ணி ஊத்தி வச்ச சொம்பு வெளிய வேர்க்குமே, அது மாதிரி. அந்தத் தண்ணி அடித்தட்டுல சேர்ந்து, கூரை மேல ஓடிக் கீழ போயிரணும். அதுக்குன்னு..."

"அதுக்குன்னு?"

"தட்டோட ஓரத்துல வழி விட்டிருப்பாங்க."

"அந்த வழி என்ன ஆச்சு?"

இருளாண்டி தன் கையைப் பார்த்துக்கொண்டார். நகத்திடுக்கில் வெள்ளைப் பசை இன்னும் ஒட்டியிருந்தது.

"மொதல்ல கொஞ்சம் தூசி அடைச்சிருக்கும். மிச்சத்தை நான்தான் அடைச்சேன்."

ஏசியை நிறுத்திவிட்டு, கத்தியும் ஏணியுமாக வெளியே வந்தார். அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டார். கூரைத் தகரம் சுட்டது. இருளாண்டி சாக்கு விரித்து மண்டியிட்டு, பின்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குப் பசையைக் கீறி எடுத்தார்.

தண்ணீர் குபுக்கென்று வந்தது. செம்பழுப்பாக, துரு வாடையோடு. அவர் வேட்டியை நனைத்துக்கொண்டு பின்கண்ணாடி வழியாக இறங்கி ஓடியது. நிற்கும் நிற்கும் என்று பார்த்தார். அது அவ்வளவு சீக்கிரம் நிற்கவில்லை.

"இம்புட்டும் உள்ளேயா இருந்துச்சு?" என்றார்.

கத்தியைக் கீழே வைத்தார். அந்த வெயிலில், சுடுகிற தகரத்தின் மேல், அவர் எழுந்திருக்காமல் அப்படியே இருந்தார். அவருக்குப் பயமாக இருந்தது.

"தாயி."

"சொல்லுங்க."

"நாகராசு செருப்பு வாசல்லயே கிடக்காம். அவ இன்னும் எடுக்கலையாம். வீட்டுக்குப் போனா முதல்ல அதைத்தான் பார்க்கணும். பார்த்தா நான் உடைஞ்சு போவேன் தாயி. எட்டு மாசமாப் பிடிச்சு வச்சதெல்லாம் ஒரே நிமிசத்துல போயிரும்."

அம்மா அண்ணாந்து அவரைப் பார்த்தார். ஏணியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மதினி எட்டு மாசமா அங்க ஒத்தையில உடைஞ்சுக்கிட்டு இருக்காங்க, அண்ணே. இறங்கி வாங்க. போய் அவங்க கூட இருந்து உடைஞ்சு போங்க."