கஸ்பார் கப்பல் எங்கே நிற்கிறது?

தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனி இருந்தது. கப்பல் எந்த ஊரில் நிற்கிறது என்று மாலுமிகள் வீட்டுக்குச் சொன்னால் வேலை போய்விடும்.

அங்கே மாலுமியாக இருந்த கஸ்பார் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் போனில் பேசும்போது, போகிற துறைமுகத்து இங்கிலீஷ் அவன் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஸ்காட்லாந்து போனால் டீ, மழை எல்லாவற்றுக்கும் முன்னால் 'வீ' போடுவான்; 'சின்ன' என்று அர்த்தமாம். அமெரிக்காவின் தெற்கே போனால், தனியாக இருக்கும் மனைவியை ஊரையே கூப்பிடுவதுபோல் 'யால்', அதாவது 'நீங்க எல்லாரும்' என்பான். மனைவி பிளோமினா மீன் கழுவிக்கொண்டே அதையெல்லாம் சொல்லிப் பார்ப்பாள். அவன் பக்கத்தில் நிற்பது போலிருக்கும்.

ஒப்பந்தம் முடிந்தும் ஆட்கள் திரும்பவில்லை. ஆபீசுக்குத் திரண்டு வந்த மனைவிமாரிடம் மேனேஜர் சந்தனராஜ், "கப்பல் கொழும்புக்கு வந்தாச்சு. போய் உலையை வைங்க" என்றார்.

"இல்ல சார், ஆஸ்திரேலியாவுலதான் நிக்கி" என்றாள் பிளோமினா.

மேனேஜர் முகம் வெளுத்தது. "உன் புருஷன் சொன்னானா? அவன் வேலைய முடிச்சிருதேன். போனைப் போடு!"

காலையில் கஸ்பார் போனில் அனுப்பிய குரல்பதிவைப் போட்டாள்; அசல் ஆஸ்திரேலியாக்காரன் பேச்சு: "குடே மேட்! சாப்ட்டியா? நோ வொரீஸ், வந்துருவேன்."

"இதுல ஊர் பேரு எங்க சார் இருக்கு? பொண்டாட்டிய 'மேட்'டு, கூட்டாளின்னு கூப்பிடக் கூடாதுன்னும் சட்டமா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மேனேஜர் வழிந்துகொண்டே, "வர இன்னும் ஒரு மாசம் ஆகும். வந்ததும் ஆள் விட்டுச் சொல்லுதேன்" என்றார்.

"ஆளெல்லாம் வேண்டாம் சார். நம்ம கரை தெரிஞ்சதும் அவக நம்மூருப் பேச்சுலயே என்னைய 'ஏளா'ன்னு கூப்பிடுவாக" என்றாள் பிளோமினா. "அதக் கேட்டு ரெண்டு வருசமாச்சு."