டவர் பக்கத்து கோல்போஸ்ட்

உப்பிலிமேட்டுக்காரர்களுக்குச் சொன்னது புரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்களுக்குச் சொன்னது மட்டும்தான் புரியும், சிக்கலே அதுதான். அந்த ஊர் வாலிபர் கால்பந்துக் கழகம் மாவட்ட லீக்கில் மூன்றாவது டிவிஷனில் ஆடிவந்தது. நாலாவது என்று ஒன்று இல்லாததால் மூன்றாவதில் ஆடியது.

அங்கே கோச்சாக வந்து மாட்டிக்கொண்டவர் சவரிராயன். வந்த அன்றே கழகச் செயலாளர் கோதண்டம் கறாராகச் சொல்லிவிட்டார்: இந்த சீசனில் ஒரு மேட்சாவது ஜெயிக்க வேண்டும், இல்லையென்றால் வேலை கிடையாது. வேலை போனால் சவரிராயனுக்குப் போக ஓர் இடம் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மச்சினன் லாசர் நடத்தும் லாட்ஜ். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து ரூம் சாவி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"மாமா, உங்களுக்காக அந்த நாற்காலியைக் காலியாவே வெச்சிருக்கேன்" என்று லாசர் ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச் வாசலில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்வான். சவரிராயன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் நடையைக் கட்டுவார்.

பத்து மேட்ச் முடிந்தபோது அவருடைய சாதனை பத்துத் தோல்வி. மழை வந்துகூட ஒரு மேட்சும் நிற்கவில்லை.

முதல் மேட்சில், தடுப்பு ஆட்டக்காரன் வீரணனிடம் எதிரணியின் ஏழாம் நம்பரைக் காட்டி, "இவனை விட்டு ஓரடி நகரக் கூடாது" என்று சொல்லியிருந்தார். வீரணன் நகரவில்லை. பாதி ஆட்டத்தில் ஏழாம் நம்பரை வெளியே கூப்பிட்டுவிட்டு வேறொருவனை இறக்கினார்கள். வீரணனும் கூடவே போய் எதிரணி பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். மீதிப் பத்துப் பேரும் ஐந்து கோல் வாங்கினார்கள். மேட்ச் முடிந்து ஏழாம் நம்பர் பஸ் ஏறினான், வீரணனும் ஏறினான். மூன்று நாள் கழித்து சவரிராயனே அந்த வீட்டுக்குப் போய் அவனைக் கூட்டிவர வேண்டியிருந்தது.

"நல்ல குடும்பம் கோச். மீன் குழம்புலதான் உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றான் வீரணன்.

ஆறாவது மேட்சில் உலக அதிசயமாக உப்பிலிமேடு முதல் கோலை அடித்துவிட்டது. கோல் வாங்கிய அணிதான் நடுக்கோட்டிலிருந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும் என்பது விதி. நடுவர் பந்தைக் கேட்டார். கேப்டன் குழந்தைவேலு பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எது நடந்தாலும் பந்தை எதிராளிகிட்ட குடுக்காதேன்னு கோச் சொல்லியிருக்காரு."

"நடுவர் எதிராளி இல்லையேப்பா" என்றான் கோல்கீப்பர் மூக்கையா.

"இவர் வாங்கி யார்கிட்ட குடுப்பாரு?"

மூக்கையா நடுவரையும் எதிரணியையும் மாறி மாறிப் பார்த்தான். "அவங்ககிட்டதான்."

"அப்ப இவரும் அவங்க ஆளுதானே?"

நியாயமான பேச்சாகத்தான் எல்லாருக்கும் பட்டது. பத்துப் பேரும் கேப்டனைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவர் இருபது நிமிஷம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, எதிரணி ஜெயித்ததாக எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கடைசி மேட்ச் சந்தைப்பேட்டை அணியோடு. அதிலும் தோற்றால் நாற்காலிதான். லாசரும் லாட்ஜ் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றான். இவர்களிடம் எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற ஞானம் சவரிராயனுக்கு அதற்குள் வந்திருந்தது. டாஸ் போட்டு முடிந்ததும் எல்லாரையும் கூப்பிட்டு, செல்போன் டவர் பக்கத்து கோல்போஸ்டைக் காட்டினார்.

"பந்தை அதுக்குள்ள அடிங்க. வேற எதையும் யோசிக்காதீங்க." மூக்கையாவிடம் மட்டும், "சந்தைப்பேட்டைக்காரன் அடிக்கிற பந்தை உள்ளே விடாதே" என்றார்.

யோசனை என்கிற பாரம் இறங்கியதும் பையன்கள் அவிழ்த்துவிட்ட காளைகள் மாதிரி பாய்ந்தார்கள். சந்தைப்பேட்டைக்காரர்கள் மிரண்டு ஒதுங்கினார்கள். இடைவேளையில் நாலுக்குப் பூஜ்யம். சவரிராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு சந்தோஷம் அவருக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

"வேற ஏதாச்சும் சொல்லணுமா கோச்?" என்று குழந்தைவேலு வந்து கேட்டான்.

சவரிராயன் வாயைத் திறந்தார். பத்து மேட்சும் கண்முன் வந்து போயின. "ஒண்ணும் வேணாம், அப்படியே ஆடுங்க" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாற வேண்டும். மாறின. டவர் மட்டும் மாறவில்லை.

முதல் நிமிஷத்திலேயே குழந்தைவேலு பந்தை டவர் பக்கத்து கோலுக்குள் அடித்தான். அங்கே இப்போது நின்றுகொண்டிருந்த மூக்கையா மரியாதையாக விலகி வழிவிட்டான்.

"ஏண்டா விட்டே?" என்று சவரிராயன் அலறினார்.

"அடிச்சது நம்ம கேப்டன் கோச். சந்தைப்பேட்டைக்காரன் அடிச்சாத்தானே விடக் கூடாது?"

"அந்தப் பக்கம்டா! அந்தப் பக்கம் அடிங்கடா!" என்று சவரிராயன் கோட்டோரமாக ஓடினார். பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கூடிப் பேசினார்கள்.

"யோசிக்காதீங்கன்னவரு இப்ப யோசிக்க வைக்கிறாரே?" என்றான் வீரணன்.

"நம்மளச் சோதிச்சுப் பாக்கிறாருடா. ஏமாந்துடாதீங்க" என்றான் கேப்டன்.

அவர்கள் ஏமாறவில்லை. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் விதிப்படி பந்து கோல் வாங்கிய உப்பிலிமேட்டிடமே வந்தது, அவர்களும் சளைக்காமல் அடித்தார்கள். சந்தைப்பேட்டைக்காரர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், பிறகு கோட்டோரத்து வேப்பமர நிழலில் உட்கார்ந்து கடலை வாங்கித் தின்றார்கள். முடிவில் நாலுக்கு ஐந்து.

அன்று சாயங்காலமே கழகக் கமிட்டி கூடியது.

"மொத்தம் ஒம்பது கோல். ஒம்பதும் நம்ம பசங்க அடிச்சது. அவங்க மேல குத்தம் சொல்ல முடியுமா?" என்றார் செயலாளர் கோதண்டம்.

"முடியாது" என்றது கமிட்டி.

"சந்தைப்பேட்டை ஒரு கோல்கூட அடிக்கல. ஆனா ஜெயிச்சிருக்கு. அப்ப கெட்டிக்காரன் யாரு?"

"அவங்க கோச்!"

சவரிராயன் ஏதோ சொல்ல எழுந்தார். பாவம், மனசு கஷ்டப்படுகிறார் என்று நினைத்து அவருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். சந்தைப்பேட்டை கோச் சுந்தரேசனுக்கு மாலை போட்டுக் கூட்டிவந்தார்கள். லாசர் நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டான்.

எங்களை எப்படி ஜெயித்தீர்கள் என்று பையன்கள் சுந்தரேசனைக் கேட்டிருக்கிறார்கள். அவர் யோக்கியர், உள்ளதைச் சொன்னார்: "நாங்க என்ன செஞ்சோம்? மரத்தடியில உக்காந்து கடலை தின்னோம்."

அடுத்த சீசன் முதல் மேட்ச் நடந்த அன்று சவரிராயன் லாட்ஜில் சாவிகளை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. குழந்தைவேலு பேசினான். குரலில் கொஞ்சம் கவலை தெரிந்தது.

"கோச், எல்லாரும் மரத்தடியிலதான் இருக்கோம். ரெண்டு படி கடலை காலி. அவங்க முப்பத்தொண்ணு கோல் போட்டுட்டாங்க, நாங்க இன்னும் ஜெயிக்க ஆரம்பிக்கல. நீங்க நேர்ல பாத்தவரு, சரியாச் சொல்லுங்க. அன்னிக்கு அவங்க தின்னது வறுத்த கடலையா, அவிச்ச கடலையா?"