வராத குத்து

வெற்றிகளை எண்ணத் தெரிந்தவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள்; எடைபோடத் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலே அதிகம். தீர்ப்புச் சொல்லும் ஆசை உள்ளவர்கள் இக்கதையை நிதானமாகக் கேளுங்கள். விடைக்கு வேண்டியதெல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது.

காசிமேட்டில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்தவன் இருதயராஜ். வயது முப்பத்து நான்கு. ஒரு காலத்தில் அவனுடைய வலக்கைக் குத்துக்கு வடசென்னை முழுவதும் பெயர் இருந்தது. சென்ற மழைக்காலத்தில் அந்தக் கையின் சுண்டுவிரல் மரத்தது. பிறகு மோதிரவிரல். தை பிறந்தபோது மணிக்கட்டு வரை உணர்வு இல்லை. சூடான எஞ்சின்மேல் கை பட்டிருப்பதை ஒருநாள் தோல் கருகும் வாடையைக் கொண்டுதான் அறிந்தான். யாரிடமும் சொல்லவில்லை, வருந்தவும் இல்லை. கைக்கு வந்தது உள்ளுக்கும் பரவிவிட்டதுபோல, நாள்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்தான்.

மாசியில் பயிற்சியாளர் தனபால் பட்டறைக்கு வந்தார். அவரிடம் திலக் என்னும் பத்தொன்பது வயதுக் குத்துச்சண்டைக்காரன் இருந்தான். எட்டுப் போட்டிகள் ஆடி எட்டிலும் வென்றவன். ஆனால் அவனிடம் தோற்ற எட்டுப் பேரையும் அடுத்த தெருவுக்குக்கூடத் தெரியாது. மாநில அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதைப் பெற வேண்டுமானால் பெயருள்ள ஒருவனை அவன் வென்றாக வேண்டும்.

தனபால் டீ கிளாஸை நீட்டினார். பெரியவர் கொடுப்பதை இருதயராஜ் இடக்கையால் வாங்கினான். சும்மா தொங்கிய வலக்கையைத் தனபால் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ராஜ், எங்க பையனோட மூணு ரவுண்டு ஆடறியா?"

"வயசாயிடுச்சுண்ணே. பேரன் எடுக்கற வயசுல என்ன மேடையேத்தப் பாக்கறியா?"

"பேரு இருக்குதே. அது போதும்."

கையுறையை மாட்டி மேடையேறினால் கை விழித்துக்கொள்ளும் என்று இருதயராஜ் நம்பினான். சரி என்றான்.

மேடையிலும் கை விழிக்கவில்லை. மூன்று சுற்றும், ஒன்பது நிமிடங்களும் இடக்கையால் மட்டுமே குத்தினான். வலக்கையைப் பழைய வழக்கப்படி முகவாய்க்கு அருகே தூக்கி வைத்திருந்தான். அது அங்கேயே நின்றது. திலக்கோ தன் இடக்கையுறையை இடக்கன்னத்திலிருந்து எடுக்கவே இல்லை. அந்தப் பெயர்பெற்ற வலக்கை இதோ வரும் என்று அதிலேயே கண்ணாக இருந்தான். அதற்கு எட்டாமல் இருதயராஜின் இடப்பக்கமாகவே ஒதுங்கி நின்று, அந்த இடக்கை தந்த குத்துகளையெல்லாம் பொறுமையாக வாங்கிக்கொண்டான்.

இரண்டாம் சுற்று முடிந்ததும் எதிர்மூலையில் தனபால் கத்தியது இருதயராஜின் காதிலும் விழுந்தது.

"லெஃப்ட்ட வுடுடா! மூஞ்சிலயே பசை போட்டு ஒட்டி வச்சிக்கினுகீறியா?"

"அண்ணனோட ரைட்டு வந்துட்டா, மாஸ்டர்?"

"அது வராதுடா!"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

தனபால் பையனின் தலையில் தண்ணீரை ஊற்றினார்.

மூன்றாம் சுற்றிலும் அந்த இடக்கையுறை நகரவில்லை. ஐந்து நடுவர்களில் மூவர் திலக்குக்கு வெற்றி கொடுத்தார்கள். மேடையை விட்டு இறங்கியபோது அவனுடைய வலக்கன்னம் வீங்கியிருந்தது. இடக்கன்னத்தில் ஒரு தடம்கூட இல்லை.

பத்து நாள் கழித்துத் தேர்வுக் குழு கூடியது. குழுவில் இருவர்: அணியின் மருத்துவர் சுகந்தி, ஓய்வுபெற்ற நடுவர் நாகலிங்கம். திலக் தேர்வானால் தேசியப் போட்டியில் முதலில் ஒரு ராணுவ வீரனைச் சந்திக்க வேண்டும். அந்த வீரனின் வலக்கை அவ்வாண்டில் மட்டும் இருவரை மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தது. ஆகவே, பையனின் தரத்தைக் கேட்டறிய இருதயராஜை அழைத்திருந்தார்கள். தனபாலும் அங்கே இருந்தார்.

இருதயராஜ் மேசைமேல் கிடந்த குண்டூசியை இடக்கையால் எடுத்து, வலது உள்ளங்கையில் பாதிவரை ஏற்றினான். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"இந்தக் கையத்தான் அவன் ஜெயிச்சது," என்றான். "மேடையேறும்போதே இப்பிடித்தான் இருந்திச்சு."

மருத்துவர் பதறி எழுந்து ஊசியைப் பிடுங்கினார். "அப்படியானால் இந்த வெற்றியை எப்படிச் சேர்ப்பது? இதை நம்பி அனுப்பினால் அந்தப் பையனை நான் ஸ்ட்ரெச்சரில்தான் பார்ப்பேன். பட்டியலிலிருந்து பேரை அடிங்க."

தனபால் விடவில்லை. "எதிராளியப் பாத்து எடுக்கறதுதான் மேடம் கோச்சோட வேலை. எல்லாரும் அதத்தான் செய்றாங்க. மேடையில ஜெயிச்சா ஜெயிச்சதுதான்."

நாகலிங்கம் பேனாவை மூடி வைத்தார். "இருங்க. கை இவருக்குச் செத்திருக்கு. பையனுக்குச் செத்திருந்துதா? அதப் பாத்துட்டு அடிப்போம்," என்றார்.

கேட்டவர்களே, இம்மூவரில் யார் சொன்னது சரி? இருதயராஜை வென்றது வெற்றிதானா?

விடை: நாகலிங்கம் சொன்னதே சரி; அது வெற்றிதான். திலக்கின் இரு கன்னங்களையும் நினைத்துப் பாருங்கள். வராத குத்துக்காக அவன் தன் இடக்கையை ஒன்பது நிமிடமும் காவலுக்கு நிறுத்திவிட்டான். ஆகவே அவனும் ஒற்றைக் கையால்தான் ஆடினான். அவன் எதிர்த்து நின்றது பழைய இருதயராஜை, முழு வலுவோடு. ராணுவ வீரனிடம் அவனைக் காக்கப்போவதும் அதே காவல்தான். மருத்துவரின் அச்சம் நல்ல அச்சம். ஆனால் அது எதிராளியைப் பார்த்ததோடு நின்றுவிட்டது. தனபாலோ மறைத்து வைத்ததை மூலையில் பாதி உளறினார். பையன் அதை நம்பி இடக்கையை இறக்கியிருந்தால், வெற்றி எளிதாகியிருக்கும், மதிப்பும் போயிருக்கும். ஒருவன் யாரை வென்றான் என்று கேட்கும் நீங்கள், எதிரே நிற்பவனை யாரென மதித்து அவன் நின்றான் என்றும் கேளுங்கள். திலக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். மறுநாள் அவன் பட்டறைக்கு வந்து, இருதயராஜின் வலக்கையைத் தன் இரு கைகளுக்குள் எடுத்துக்கொண்டான். இருதயராஜுக்கு ஒன்றும் தெரியவில்லை. பையனின் விரல்கணுக்கள் வெளுப்பதைப் பார்த்த பிறகே, அவன் இறுக்கிப் பிடித்திருக்கிறான் என்று புரிந்துகொண்டான்.